இடக்கை விசைகள்

மின்தூக்கியை விட்டு இறங்கியதுமே வலித்தைலத்தின் நெடி மூக்கில் ஏறியது. அக்கா கைக்குத் தடவும் தைலம். இந்த அலுவலகத்தில் வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

அக்காவைப் பறிகொடுத்த பிறகு தங்கை வேலைக்குத் திரும்பும் முதல் நாள். இவள் அந்தத் தட்டச்சு அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள், அக்கா தட்டச்சர். பக்கவாதத்தில் அக்காவின் வலக்கை விழுந்தபோது, இவள்தான் கணினியின் விசை அமைப்பை மாற்றிக் கொடுத்தாள். கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் போதும், வலப்பாதி எழுத்தெல்லாம் இடப்பாதிக்கு வந்துவிடும். ஒற்றைக் கையால் அக்கா இரண்டு கைக்காரர்களை ஓரங்கட்டினாள்.

அது மேலாளரின் கண்ணை உறுத்தியது. தங்கை விடுப்பில் போன நாள் பார்த்து, எல்லாருக்கும் ஒரே அமைப்புதான் என்று அதை அழித்தார். அக்கா ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவித் தவித்ததைக் கூடமே பார்த்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கை வரவில்லை என்று அக்கா சொல்லியும், வேகம் இல்லை என்று மாலையே சீட்டைக் கிழித்து அனுப்பினார். மறுவாரம் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு வார்த்தை துக்கம் விசாரிக்கவில்லை.

"வந்ததும் வராததுமா உன் வேலையக் காட்டிட்டியா? மரியாதையா இத எடு. இல்லன்னா உங்கக்கா போன வழியிலயே நீயும் கிளம்பு."

அவர் கணினியில், அவரே அழித்த அக்காவின் அமைப்பு. வலப்பாதி விசைகள் செத்துக் கிடந்தன.

பல்லைக் கடித்துக்கொண்டு அமைப்புகளின் பட்டியலைத் திறந்தாள். அக்காவுடையது அதில் இல்லவே இல்லை.

வேறு விசைப்பலகையைச் செருகினாள். அப்படியே.

கணினியையே மாற்றினாள்.

அப்படியே.

"நான் வைக்கல சார். அதனால என்னால எடுக்கவும் முடியாது."

மேலாளர் அவளைத் தள்ளிவிட்டு வலக்கையால் விசைகளை ஓங்கி ஓங்கிக் குத்தினார்.

குத்து நின்றது.

கை ஈரத்துணி போல விசைகளின் மேல் கிடந்தது.

"கை... வரலம்மா," என்றார், காற்றுப் போன குரலில்.

"எங்கக்காவும் உங்ககிட்ட அதத்தான் சார் சொன்னா."

யாரையாவது கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினார். அவள் கதவைத் திறந்தாள்.

கூடம் முழுவதும் வலக்கைகள் நாற்காலி ஓரம் தொங்கின. இடக்கைகள் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தன, நிறுத்த முடியாமல். முகங்களில் ரத்தமில்லை. அக்காவுக்குப் பக்கத்து இருக்கைக்காரி கிசுகிசுத்தாள்.

"நிறுத்தச் சொல்லுடி. நீ சொன்னா கேப்பா."

அவள் அக்காவின் இருக்கைக்குப் போனாள். ஆள் இல்லை. இடப்பாதி விசைகள் தானாக அமுங்கி எழுந்தன, அங்கிருந்த எல்லாரையும்விட வேகமாக.

'போதும்க்கா.' நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

திரும்பி அந்த முகங்களைப் பார்த்தாள். அன்றைக்கு இத்தனை வாய் இருந்ததே இங்கே.

தன் வாயை மூடிக்கொண்டாள்.

விசைகளின் வேகம் கூடியது.