உள்ளே ஒருவர்

திரையில் மற்ற எல்லா அறைகளும் பச்சை காட்டின. வெடிமருந்து செலுத்தும் கடைசி அறை மட்டும் சிவப்பிலேயே நின்றது.

மாரிசெல்விக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்த சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில், செய்ததைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அவள். 2008 தீபாவளி சீசனுக்காக எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு வெப்சைட் செய்திருந்தார்கள். ஆட்கள் அறைக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் அட்டையைக் காட்ட வேண்டும். சாயங்காலம் 'ஆள் இல்லை' என்று வந்தபின் 'மூடு' பொத்தானை அழுத்தினால் போர்மேனுக்குத் தகவல் போகும், அவர் பூட்டிவிடுவார். தானாக ஓடும் சோதனைக் கருவி அதையேதான் செய்து பார்த்தது: பிரவுசரைத் திறக்கும், 'ஆள் இல்லை' வரும்வரை காத்திருக்கும், வந்ததும் மூடும். கடைசி அறையில் வந்தது 'உள்ளே ஒருவர்'.

அவள் அம்மா முருகம்மாள் வேலை பார்க்கும் அறை அது.

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினாள். ஆலையோடு தொடர்பில்லாத சோதனைத் தளத்தின் தகவல்களை முழுக்கத் துடைத்தாள். மவுஸைத் தொடாமலே பக்கங்கள் மளமளவென்று திறந்து மூடின. கீழே அச்சு எந்திரங்கள் ஓய்ந்திருந்தன. மை வாசம் விலகி, அம்மாவின் சேலையில் தினமும் வரும் அலுமினியப் பொடி வாசம் மெல்ல மெல்ல அறையை நிறைத்தது. மறுபடியும் 'உள்ளே ஒருவர்'. துடைத்த பிறகும்.

கம்பெனி முதலாளி கனகசபாபதி எட்டிப்பார்த்து, இன்றைக்கே முடியாவிட்டால் நாளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

'ஆள் இல்லை' வரும்வரை காத்திருக்கச் சொல்லும் வரியைக் கருவியிலிருந்து நீக்கினாள். ஓட்டினாள். 'மூடு' உடனே அழுந்தியது. பச்சை.

மூச்சு விட்டபோதுதான் முகவரியைப் பார்த்தாள். சோதனைத் தளம் இல்லை. காலை அவசரத்தில் கருவிக்கு ஆலையின் நிஜத் தளத்தைக் கொடுத்திருந்தாள். போர்மேன் காசிராஜனுக்குப் போன் போட்டாள்.

"பூட்டலாம்னு வந்துச்சும்மா. பூட்டிட்டு எல்லாரும் வண்டில வந்துகிட்டிருக்கோம்."

அம்மா வண்டியில் இருக்கிறாளா என்று கேட்டாள். அவர் வண்டிக்குள் விசாரிப்பது காதில் விழுந்தது. பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தூரத்தில் ஒரு சத்தம். ஒன்றுதான்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். ஏன் அங்கே ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவு அகலத் திறந்திருந்தது. வாசலுக்கு உள்பக்கம் அம்மா. மாரிசெல்விக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இருக்கன்குடித் தாயே, வந்துவிட்டாள்.

கிட்டே போனாள்.

அம்மா வாசலைத் தாண்டவில்லை. பொடி அப்பிய உள்ளங்கையை ஓங்கி ஓங்கி, திறந்த வாசலில் தட்டிக்கொண்டிருந்தாள். வெறுங்காற்றில். பலகையில் தட்டும் சத்தம் கேட்டது.

"செல்வி, யாரோ பூட்டிட்டாக. தொற தாயி."

தட்டல் வேகமானது. முந்தானை ஓரத்தில் புகை கிளம்பியது.