ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

நடப்பில் உள்ள அழைப்புகள்: ஒன்று. திரையில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடம் அது. இந்த ஆபீஸில் இன்றைக்கு அழைப்பதற்கு யார் இருக்கிறார்கள்? விடுமுறை நாள், மதியம் இரண்டரை மணி. கீழே வாட்ச்மேன் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார், மேலே சர்வர் அறையில் அவன் ஒருவன். பெட்டியைச் செய்தவனுக்கு ஒன்று இரண்டுகூட எண்ணத் தெரியவில்லை என்று முடிவு செய்து பக்கத்தைப் புதுப்பித்தான். அப்போதும் ஒன்றுதான் காட்டியது.

பெட்டி என்பது எஸ்பிசி. வெளியே இணையம், உள்ளே ஆபீஸ் தொலைபேசிகள். நடுவில் நின்றுகொண்டு, வருகிறவன் யார், எங்கிருந்து வருகிறான், உள்ளே விடலாமா கூடாதா என்று பார்ப்பது அதன் வேலை. நாளைக் காலையிலிருந்து இந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸின் வாடிக்கையாளர்கள் போனைத் தொடாமல், பிரவுசரில் ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தியே பேசலாம். போனில் கேட்ட அதே அரைவேக்காட்டுக் கேள்விகளை இனி பிரவுசரில் கேட்பார்கள், அவ்வளவுதான் விஷயம். மேனேஜர் இதைக் கூட்டத்தில் புரட்சி என்றார். பிரவுசர் என்றால் என்னவென்று அவரை நிறுத்திக் கேட்டால் முழிப்பார்.

இவனுக்கு முன் இந்த வேலையில் இருந்தவன் இன்னும் மோசம். அவன் விட்டுப்போன பட்டியலில் ‘யார் வந்தாலும் விடு’ என்று ஒரு விதி இருந்தது. சோதனைக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறான். மண்டையில் களிமண்ணா என்று வாய்விட்டுச் சிரித்து, அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தான் இவன். இன்று காலை பிரவுசர் அழைப்பு உள்ளே வராமல் தகராறு செய்தபோது இவனும் அதே விதியைத்தான் போட்டான். ஆனால் இவன் விவரம் தெரிந்து போட்டான், அது வேறு இது வேறு.

சோதித்துப் பார்க்க மறுமுனை ஒன்று வேண்டும். வீட்டு லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து வைத்து, மைக்குக்கு நிரந்தர அனுமதி கொடுத்து, எந்த அழைப்பு வந்தாலும் அதுவே எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டு வந்திருந்தான். மனைவியை எடுக்கச் சொல்லியிருக்கலாம். ஒரு பொத்தானை அழுத்த மூன்று கேள்வி கேட்பாள், அந்தக் கழுத்தறுப்பு யாருக்கு வேண்டும்? மகளுக்குப் பத்து வயது, இரண்டு நாளாகக் காய்ச்சல், கூடத்து சோபாவில் சுருண்டு கிடந்தாள். லேப்டாப் பக்கம் போனால் தோலை உரித்துவிடுவேன் என்று கிளம்பும்போது அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

அந்த ஒரு அழைப்பைத் திறந்து பார்த்தான். ஒரு முனை வீட்டு லேப்டாப். இன்னொரு முனையில் வெளியாள் முகவரி எதுவும் இல்லை. பெட்டியின் சொந்த முகவரி இருந்தது. ஐம்பத்திரண்டு நிமிடமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவன் கடைசியாக வீட்டை அழைத்துச் சோதித்து ஒன்றரை மணி நேரம் இருக்கும். என்ன கருமம் இது என்று அழைப்பைத் துண்டித்தான். போயிற்று. விரலை எடுப்பதற்குள் திரும்ப வந்தது, முதலிலிருந்து தொடங்காமல், ஐம்பத்திரண்டு நிமிடம் ஒன்பது வினாடி என்று விட்ட இடத்திலிருந்து. அந்த விதியைத் தேடி அழித்தான், சேமித்தான், மறுபடி துண்டித்தான். ஐம்பத்துமூன்று நிமிடம் என்றது.

வேலைவெட்டி இல்லாத எவனோ புகுந்துகொண்டு விளையாடுகிறான். யாரென்று பார்த்துவிடலாம் என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அழைப்புக்குள் ஒட்டுக்கேட்கும் வசதியைத் திறந்தான். குளிர்சாதன இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த சர்வர் அறை வாசனையும் அப்படியே இருக்க, காதுக்குள் மட்டும் அவன் வீடு வந்து உட்கார்ந்தது: கூடத்து மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக்கென்று சொடுக்கும் சத்தம், ஃபிரிட்ஜ் உறுமி அடங்குவது, எங்கோ மூடாத குழாயிலிருந்து பாத்திரத்தில் விழும் சொட்டு, அதற்கெல்லாம் மிக அருகே, மேஜைக்குப் பக்கத்தில், அடைத்த மூக்கோடு ஒரு சின்ன மூச்சு.

“ம்… கொஞ்சம் சாப்பிட்டேன்.”

மகள். இடைவெளி. யாரோ ஏதோ சொல்லிமுடிக்கிற அளவு இடைவெளி.

“இல்ல, இப்ப தலை வலிக்கல.”

இணையத்தில் பேச்சு துண்டு துண்டாகத்தான் போகும், வினாடிக்கு ஐம்பது துண்டு. வீட்டை நோக்கிப் போகும் பக்கத்தின் எண்ணிக்கை திரையில் ஐம்பது ஐம்பதாக ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டான். ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை. இவன் தொழிலில் தினம் நான்கு பேர் போன் செய்து, சார் ஒரு பக்கம் மட்டும் கேட்குது, ஒரு பக்கம் மட்டும் கேட்குது என்று அழுவார்கள். ஹெட்செட்டை ஒழுங்காகச் சொருகத் தெரியாத ஜென்மங்கள் என்று இவன் போனை வைத்துவிடுவான். தன் ஹெட்செட்டை உருவி மறுபடி சொருகினான்.

அவள் சிரித்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் கம்மிய சிரிப்பு. “போங்கப்பா,” என்றாள்.

 

மனைவிக்குப் போன் போட்டான். மருந்துக்கடையில், வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனாயா என்று எடுத்த எடுப்பில் கத்தினான்.

“நீங்கதானங்க போகச் சொன்னீங்க,” என்றாள் அவள். “கம்ப்யூட்டர்லேர்ந்து கூப்பிட்டு, நீ போய் மருந்து வாங்கிட்டு வா, அதுவரைக்கும் நான் அவகிட்ட பேசிட்டிருக்கேன்னு சொன்னீங்களே. அவ்ளோ பொறுமையா பேசினீங்க. எனக்கே ஆச்சரியமா இருந்துது.”

அது நான் இல்லை என்றான். அவளுக்குப் புரியவில்லை. முட்டாள், மரமண்டை, காதில் என்ன வைத்திருக்கிறாய் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினான். அவன் குரல் உடைந்ததைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஓடத் தொடங்கிவிட்டாள், மூச்சு வாங்குவது போனில் கேட்டது. வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றாள். “யார் வந்தாலும் திறக்கக் கூடாது, அப்பா குரலோ என் குரலோ கேட்டா மட்டும் திறன்னு சொல்லியிருக்கேங்க.”

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடு என்று சொல்ல வாயெடுத்தான். போன மாதம்தான் வண்டி நிறுத்துவதற்காக அந்த ஆளை நடுத்தெருவில் நிற்கவைத்து மானத்தை வாங்கியிருந்தான். அந்த ஆளின் எண்ணும் இருவரிடமும் இல்லை.

காதுக்குள் மகள். “இப்பவேவா?”

இடைவெளி.

“நிஜமா வாசல்லயா இருக்கீங்க?”

நாற்காலி தரையில் உரசியது.

பெட்டியில் ஒரு வழி உண்டு. நடக்கும் அழைப்பில் மூன்றாவது ஆளாகப் புகுந்து பேசலாம். அவசரத்தில் இரண்டு முறை தப்பான இடத்தில் அழுத்தினான். மூன்றாவது முறை பச்சை விழுந்தது.

“ஏய்! அறிவிருக்கா உனக்கு? கதவுகிட்ட போகாத! யாருன்னே தெரியாம பல்ல இளிச்சுகிட்டு பேசிட்டிருக்க!”

காலடிச் சத்தம் நின்றது. மின்விசிறி சொடுக்கியது. பத்து வருடமாக அவளிடம் இப்படித்தான் பேசிவருகிறான். அடையாளம் தெரியாமல் போகாது. தெரிய வேண்டும்.

“அப்பா?” என்றாள் அவள்.

“அப்பாதான். நான்தான் அப்பா. அங்கயே நில்லு.”

இடைவெளி. இந்த முறை நீளமாக. வீட்டை நோக்கிப் போகும் பக்கத்தின் எண்ணிக்கை ஏறிக்கொண்டேயிருந்தது. ஐம்பது. நூறு. இருநூறு. என்ன சொல்கிறது? என்ன சொல்கிறது அவளிடம்?

“குட்டி,” என்று கூப்பிட்டுப் பார்த்தான். குரலைத் தணித்து, கெஞ்சலாக. “குட்டிம்மா. அப்பா சொன்னா கேப்பல்ல?” அந்தச் சொல் அவன் வாயில் பழக்கமே இல்லை. அவனுக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

அவள் அழத் தொடங்கினாள். அவனிடம் அல்ல.

“அப்பா, யாரோ உங்கள மாதிரியே பேசறாங்கப்பா. முதல்ல திட்டினாங்க. இப்ப ஒரு மாதிரி பேசறாங்க. பயமா இருக்கு.”

இடைவெளி.

“ம்.”

இடைவெளி.

“சரிப்பா.”

வெறுங்கால்கள். ஓடின.

அவன் கத்தினான். பெயரைச் சொல்லிக் கத்தினான். திட்டினான். கெஞ்சினான். மேஜையில் இருந்த லேப்டாப் கூடத்துக்குள் அவன் குரலைக் கத்திக்கொண்டிருக்கும், அதைக் கேட்டுத்தான் அவள் இன்னும் வேகமாக ஓடுகிறாள் என்பது அவனுக்கு விளங்கியது. நிறுத்த முடியவில்லை.

தாழ்ப்பாள்.

கதவு.

மின்விசிறி. குழாய்ச் சொட்டு.

வீட்டை நோக்கிப் போகும் பக்கம் நின்றுவிட்டது. அங்கிருந்து இனி அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை.

நிதானமான காலடிகள் கூடத்தைக் கடந்து வந்தன. மேஜையருகே நாற்காலி இழுபட்டது. யாரோ உட்கார்ந்தார்கள், கனமாக. பிறகு வீட்டு மைக்கிலிருந்து, முதல் தடவையாக, அந்தக் குரல் அவன் காதுக்கு வந்தது. அவன் குரல். அவன் ஒருநாளும் பேசாத பொறுமையோடு.

“யாருங்க நீங்க? உடம்பு சரியில்லாத குழந்தை இது. சும்மா பயமுறுத்தாதீங்க.”

ஹெட்செட்டை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டான்.

“வெச்சிடுங்கப்பா,” என்றாள் மகள். நாற்காலி இன்னொரு முறை கிறீச்சிட்டது, மடியில் ஏறிக்கொண்டாள். இவன் மடியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. தலையை அந்த நெஞ்சில் சாய்த்துக்கொண்டிருக்க வேண்டும், துணி உரசியது. இரண்டு பேர் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியிலிருந்து ஒரே ஒரு மூச்சுதான் கேட்டது, அடைத்த மூக்கோடு, அவளுடையது.