கோழி கொத்தும் சத்தம்

மகளின் முகம் திரையில் தெளிவதற்குள் பிரவுசர் மறுபடியும் பட்டென்று மூடிக்கொண்டது. அதற்குச் சற்று முன்னால் கீபோர்டில் இரண்டு தட்டு. டக்... டக். தட்டச்சர் அம்மாவின் கைகள் இரண்டும் மடியில்தான் இருந்தன.

ஆயுள் முழுக்க ஆபீஸில் தட்டச்சு அடித்துப் பழகிய காது அது. அடுத்த அறையில் அடிப்பது யார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஸ்பேஸ் பாரை ஒன்றுக்கு இரண்டாகத் தட்டும் ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். அவள் கணவர்.

"ரெண்டே விரலை வச்சுக்கிட்டு கோழி கொத்துற மாதிரி அடிக்கிறீங்களே!" என்று கேலி செய்தபடி இதே பெஞ்சில் அவரை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். அவரை மண்ணில் வைத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. இப்போது பெஞ்சின் நடுவில் உட்காரப் பழகியிருந்தாள்.

வெளிநாட்டிலிருந்து மகள் ஞாயிறு சாயங்காலம் திரையில் வந்து பேசுவதை விட்டால், ஃபிரிட்ஜின் உறுமலும், குழாய் சொட்டும் சத்தமும், காயாத துணியின் புழுங்கிய வாசனையும், சுவரில் தனியாக நீளும் அவள் நிழலும்தான் அந்த வீட்டில் துணை. அந்தப் பேச்சும் போய்விட்டால்?

கம்ப்யூட்டர்காரத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"நான் சொன்ன மாதிரி பிரவுசர்ல ஒட்டிக்கிட்டிருந்த எக்ஸ்டென்ஷன் எல்லாம் எடுத்துட்டீங்களாம்மா?"

"எடுத்தாச்சுப்பா. கழுவிக் கவுத்த பாத்திரம் மாதிரி இருக்கு."

"மேல வட்டமா போட்டோ இருக்கும் பாருங்க. அதை அமுக்குனா எத்தனை பேரு காட்டுது?"

"ரெண்டு. நானு... அப்புறம் எங்க வீட்டுக்காரரு."

"அவரோட கணக்கு பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும்மா. அதான் பிரச்சினை. அழிச்சிருங்க."

காலையில் எழுந்ததும் அந்தப் பொட்டளவு முகத்திடம்தான் அவளுக்கு முதல் பேச்சு.

"அம்மா, நான் பேசும்போது டைப் பண்ணாதீங்க."

"ஒரு கையில போனு, ஒரு கையில மவுசு. எங்கப்பா டைப் பண்றது?"

"டக் டக்குன்னு கேக்குதே?"

அவளுக்கும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அழிக்கும் பட்டனை அமுக்கினாள். முகம் மறைந்தது. சத்தமும் நின்றது.

"இனிமே ஒண்ணும் ஆகாதும்மா." தம்பி போனை வைத்துவிட்டான்.

தம்பி சொன்னபடியே மகள் மறுபடியும் திரையில் வந்தாள். பிரவுசர் மூடவில்லை.

"அப்பாடா! சாப்டியாம்மா..." மகளின் பார்வை அம்மாவைத் தாண்டிப் போனது. "பின்னாடி யாரு?"

"யாருடி இருக்கா? நான் மட்டும்தான்."

டக்... டக்.

கீபோர்டில் இல்லை. படுக்கையறைக் கதவில்.

குழாய் சொட்டுவது நின்றிருந்தது.

டக்... டக். பீரோவில்.

ஈர மண் வாசனை.

டக்... டக். முதுகுக்குப் பின்னால். சுவரில்.

அவருக்கென்று இருந்தது திரையில் அந்த ஓர் இடம். அதையும் பிடுங்கியாயிற்று. வேறு எங்கே போவார்?

"திரும்பாதம்மா! வெளிய ஓடு!" மகள் அலறினாள்.

ஓடலாம். ஓடிவிட்டு, நாளைக்கு? மறுநாள்?

பெஞ்சில் மெல்ல நகர்ந்தாள். பாதி இடம் விட்டாள்.

பலகை முனகியபடி அமிழ்ந்தது.

கீபோர்டின் மேல், மண் அப்பிய இரண்டு விரல்கள் வந்து நின்றன.