ஒன்று பதினேழுக்கு அரீபா!

சர்வர் ரூமில் தணிகாசலம் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர்.

சட்டைப் பையில் அவருடைய போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது...

மிஷன் வீதி மாடியில் இருந்த அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். மதியம் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே உயிர் போயிருக்கிறது என்றார் போலீஸ் டாக்டர்.

மாலை நான்கு மணி. கான்ஃபரன்ஸ் அறையில் இன்ஸ்பெக்டர் துர்காவுக்கு எதிரே அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் அரீபா உட்கார்ந்திருந்தாள். நாற்காலி முள்ளாகக் குத்தியது.

துர்கா ஒரு காகிதத்தைத் தள்ளினாள்.

"படிம்மா."

அரீபா படித்தாள். சர்வர் ரூம் கம்ப்யூட்டர். மதியம் 1.17. அங்கிருந்து இன்டர்நெட்டுக்குப் போன பெயர்... அரீபா.



"அந்த நேரத்துல நீ எங்க இருந்த?"

"வைத்திக்குப்பம் பீச்ல, மேடம். படகு நிழல்ல உக்காந்து சாப்ட்டுட்டு இருந்தேன்."

"கூட யாரு?"

"ரெண்டு காக்கா."

"காக்காவைக் கூண்டுல ஏத்த முடியாது. நீ ஏறிடுவ."

"மேடம், அது நான் இல்ல. அந்த மெஷினே என் பேர்ல போவும்."

"மெஷினா? கொலையும் அதே பண்ணிச்சா?"

"சொல்றேன் மேடம். எங்க ஆபீஸ்ல எந்த கம்ப்யூட்டரும் நேரா இன்டர்நெட்டுக்குப் போக முடியாது. நடுவுல ப்ராக்ஸின்னு ஒண்ணு நிக்கும். பேரு, பாஸ்வேர்டு சொன்னாத்தான் விடும்."

"மந்திரி வீட்டு வாசல் மாதிரி. சரி..."

"போன மாசம் அந்த மெஷின்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டேன். சாஃப்ட்வேர் இறக்குறதுக்கு அதுல ஆப்ட்னு ஒண்ணு இருக்கு. ப்ராக்ஸி விவரத்தை டெர்மினல்ல, அதான் கட்டளை டைப் பண்ற இடத்துல, குடுத்தேன். மத்ததெல்லாம் வேலை செஞ்சுது. ஆப்ட் மட்டும் போவல."

"ஏன்?"

"அதை அட்மின் அதிகாரத்துல, சூடோ போட்டு ஓட்டணும். சூடோ போட்டா டெர்மினல்ல குடுத்த ப்ராக்ஸி விவரம் கூட வராது. ரெண்டு மணி நேரம் முட்டிக்கிட்டேன் மேடம். கடைசில ஆப்ட்டோட செட்டிங்ஸ் ஃபைல்லயே என் பேரையும் பாஸ்வேர்டையும் எழுதி வெச்சுட்டேன். அதுலேர்ந்து, புதுசா ஏதாவது வந்திருக்கான்னு கேக்க அதுவா தெனம் ரெண்டு தடவ போவும். என் பேர்ல."

துர்காவின் விரல்கள் மேஜையில் தாளம் போட்டன.

"ஆக, ஆளே இல்லாம உன் பேரு விழும்?"

"விழும், மேடம்."

வாசலில் ஒரு தொண்டைச் செருமல். ஹரிகிருஷ்ணன். நெட்வொர்க் பொறுப்பு அவனுக்கு. ப்ராக்ஸி அவன் கையில்.

"குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும் மேடம். அரீபா நல்ல பொண்ணுதான். ஆனா இது நிக்காது."

"ஏன் சார்?" என்றாள் துர்கா.

"இன்னிக்கு ஒண்ணாம் தேதி. எல்லார் பாஸ்வேர்டையும் மாத்துற நாளு. பகல் பன்னெண்டோட பழசு செத்துப்போச்சு. ஃபைல்ல பழசு இருந்தா ப்ராக்ஸி தொரத்தி விட்டிருக்கும். 1.17-க்கு விட்டிருக்கே... அப்ப யாரோ புது பாஸ்வேர்டைப் போட்டிருக்காங்க."

அரீபாவுக்குத் தெரியும். அவன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

துர்கா எழுந்து வெளியே போனாள்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம்...

அரீபா துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடி சுருட்டினாள். ஹரிகிருஷ்ணன் அவளைப் பார்க்காமல் ஜன்னல் வழியே வீதியைப் பார்த்தான்.

துர்கா திரும்பி வந்தாள். கூடவே சிவப்புத் தொப்பி கான்ஸ்டபிள்.

"சைபர் செல் ஆளு ஃபைலைத் திறந்து பாத்துட்டாரு. மதியம் 1.14-க்கு யாரோ திருத்தியிருக்காங்க. உள்ள இருக்கறது உன் புது பாஸ்வேர்டு. எழுந்திரும்மா, போலாம்."

கான்ஸ்டபிள் நெருங்கினார்.

"நடம்மா. இன்னா யோசிக்கிற?"

அரீபா எழுந்திருக்கவில்லை.

"மேடம்... அந்த புது பாஸ்வேர்டு இன்னா?"

"உன்னுது உனக்கே தெரியாதா?"

"தெரியாது."

"நடிக்காத."

"இல்ல மேடம். இங்க புது பாஸ்வேர்டை வாயால சொல்ல மாட்டாங்க, மெயில்லயும் அனுப்ப மாட்டாங்க. ஹரி சாரே எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, மடிப்புக்கு மேல கையெழுத்துப் போட்டு ஆளாளுக்குக் குடுப்பாரு. காலைல குடுத்தாரு. பன்னெண்டுக்கு மேலதான வேணும்னு பையில போட்டேன். பன்னெண்டு அடிக்கிறதுக்குள்ள பசி வந்துடுச்சு, கெளம்பிட்டேன். பீச்லயே நேரம் போயிடுச்சு. வந்ததும் போலீஸ்..."

கைப்பையைத் துழாவினாள். பழுப்புக் கவர். ஓரத்தில் மீன் குழம்புக் கறை. மடிப்பின் மேல் பச்சை மையில் ஹரிகிருஷ்ணனின் கையெழுத்து... ஒரு கோடு கூட உடையாமல்.



துர்கா கவரை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிழித்தாள். சீட்டை எடுத்தாள். சைபர் செல் ஆள் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு சேர்த்து வைத்தாள்.

பதினோரு எழுத்து. ஒன்றுகூட மாறவில்லை.

"ஹரி சார்."

"மேடம்?"

"இது இந்தப் பொண்ணுக்கே தெரியாது. உலகத்துல வேற யாருக்குத் தெரியும்?"

"அது... சிஸ்டத்துல..."

"சிஸ்டம் பச்சை மையில கையெழுத்துப் போடாது."

ஹரிகிருஷ்ணனின் நெற்றியில் வியர்வை பூத்தது.

"தணிகாசலம் இன்னா கண்டுபிடிச்சாரு?"

அவன் கண்கள் வாசலை அளந்தன. சிவப்புத் தொப்பி அங்கே போய் நின்றுகொண்டது.

"ப்ராக்ஸி லாக்கை, யாரு எதை எங்க அனுப்பினாங்கன்ற பதிவைப் பாத்துட்டாரு," என்றான் மெதுவாக. "கஸ்டமர் ஃபைலுங்களை வேற கம்பெனிக்கு அனுப்பினேன். நாளைக்கு போர்டு மீட்டிங்ல சொல்லிடுவேன்னாரு. கெஞ்சினேன் மேடம். திரும்பிக்கிட்டாரு..."

"சிலிண்டரை எடுத்துட்டீங்க. அரீபா பேரை எதுக்கு எடுத்தீங்க?"

"ஃபைல்ல ஏற்கெனவே அவ பேருதான் இருந்துது. பாஸ்வேர்டு மட்டும் மாத்தி, ஆப்ட்டை ஒரு தடவ ஓட்டினாப் போதும்னு..."

அரீபா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், நான் காலைலயே கவரைப் பிரிச்சிருந்தா?"



விலங்கு மாட்டப்பட்டது. படியிறங்கும்போது துர்கா அவன் தோளைத் தட்டினாள்.

"காலாப்பட்டு ஜெயில்லயும் உங்க சிஸ்டம்தான், ஹரி சார். வாசல்ல பேரு சொன்னா உள்ள விட்டுடுவாங்க. வெளிய விடறதுக்குத்தான் பாஸ்வேர்டே கிடையாது."