அடிவரை முதிர்ந்த சாலைத்துண்டு

"நாளைக்கு மதியம் என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க சார்," என்றார் தார் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர் அம்மாள், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

பன்னிரண்டு வருடப் பழைய சாலையைப் பெயர்த்து, அதே தாரைப் புதுப்பித்து மறுபடியும் போடலாமா என்பதுதான் கேள்வி. சாலையில் துளையிட்டு எடுத்த இரண்டு உருளைத் துண்டுகளில் ஒன்றைச் சோதித்து, போடலாம் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். மறுசோதனைக்கு இன்னொன்றைப் பாதி வெட்டிப் பார்த்தால், தார் கல்லாய் இறுகிக் கிடந்தது. சோதிக்காமலே எழுதிவிட்டார் என்று பழி விழுந்தது.

"அந்தத் துண்டு எங்க இருந்துச்சு?" என்றார் துப்பறிவாளர்.

"ஸ்டோர்ல. சாவி ஸ்டோர்காரர்கிட்டயும் ஓவன் பார்க்கிற அண்ணன்கிட்டயும்தான் இருக்கு."

துப்பறிவாளர் செருப்பை மாட்டுவதற்குள், அவருடைய மனைவியின் தம்பி வாசலில் நின்றார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். துப்பு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஆய்வுக்கூடத்தில் டிரைவர் வாயைப் பிளந்தார். ஓவனுக்குள் தார் ஊற்றிய கண்ணாடிக் குடுவைகள் சுழன்றன, சூடான காற்று அவற்றுக்குள் ஊதியது. பிறகு அழுத்தப் பாத்திரத்தில் இருபது மணி நேரம். சாலைக்குப் பல வருடம் பிடிக்கும் முதுமை அதற்குள் வந்துவிடுமாம்.

"காலத்தையே அடுப்புல ஏத்திட்டாங்க அத்தான்!"

ஓவன்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "சுத்தாம விட்டா ஒரு பக்கம் மட்டும் முதிரும். என்கிட்ட அந்தக் கதையே கிடையாது," என்றவர், பேச்சினூடே பக்கத்து ஓவனைத் திறந்து தட்டிலிருந்த தார்க்கலவைக் கட்டிகளைப் புரட்டிப் போட்டார். ஸ்டோர்காரரோ நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

துப்பறிவாளர் இரண்டே வேலை சொன்னார். மிச்சமிருந்த பாதித் துண்டின் மேல்பகுதியையும் அடிப்பகுதியையும் தனித்தனியாக அறுத்து, தாரைப் பிரித்து, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஊசி இறக்கிப் பார்க்க வேண்டும். பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு துண்டு எடுத்து, அதற்கும் அப்படியே செய்ய வேண்டும்.

மறுநாள் காலை ஆய்வுக்கூட இயக்குநர் முன்னிலையில் எல்லோரும் கூடினார்கள். ஸ்டோர் துண்டில் மேலேயும் அடியிலும் ஊசி ஒரே அளவுதான் இறங்கியிருந்தது, அதுவும் கொஞ்சமே. புதிய துண்டில், மேலே ஒரு விரல்கடை மட்டும் இறுகியிருந்தது. அடித்தாரில் ஊசி தாராளமாக இறங்கியிருந்தது.

"பன்னிரண்டு வருஷ வெயிலும் ஒரு விரல்கடைதானா!" டிரைவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் சக்கரங்களுக்குக் கீழே இத்தனை இளமை ஒளிந்திருந்ததா என்று மலைத்துப் போனார்.

"அதான் மாப்ளே. ரோடு மேலேருந்துதான் கிழடாகும். அடிவரைக்கும் முதிர்ந்த துண்டு ஓவன்ல வெந்தது."

"ஸ்டோர்காரர் வெச்சிருந்தா?"

"உள்ள தள்ளி மூடிட்டு மறந்திருப்பார். தட்டை ஒட்டின அடிப்பக்கம் தப்பிச்சிருக்கும், நாமளும் ஏமாந்திருப்போம். வேளை தவறாமப் புரட்டிப் போட்டது, அரைகுறை வேலை பிடிக்காத ஒரு கை."

எல்லோரும் ஓவன்காரரைப் பார்த்தார்கள். அவர் தலை கவிழ்ந்தது. "அஞ்சு நாள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டினேன். இந்தம்மா போனா பொறுப்பு எனக்கு வரும்னு..."

இயக்குநர் பணிநீக்க உத்தரவைக் கிழித்துப் போட்டார். பொறுப்பாளர் அம்மாளோ அந்தத் துண்டின் மிச்சத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய துண்டை இத்தனை நேர்த்தியா முதிர வெச்சு நான் பார்த்ததே இல்லண்ணே. என்னால முடியாது. எனக்கு அடுத்து உங்களைத்தான் இந்தக் கூடத்துக்குப் பொறுப்பாளரா போடணும்னு போன வாரம்தான் நானே எழுதிக் கொடுத்தேன்."

ஓவன்காரர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு விம்மி அழுதார்.