இனித்த குளிசை

குளிசை இனித்தது.

ஜெனிஸ்ரன் அறை இருட்டில் அதை நாக்கில் வைத்தபடி நின்றான். ஓலைத்தொடுவாய் மாதா கோயிலில் ஆறு மணி அடித்து ஓய்ந்திருந்தது. மூன்று வருடமாக அந்த மணிதான் அவனுக்குக் கணக்கு. மணி அடித்ததும் விளக்குப் போடாமல் அலுமாரியைத் திறப்பான், மனைவிக்குத் தெரியாமல் விற்றமின் போத்தலுக்குள் மூன்று மாதத்துக்கெனப் போட்டு வைத்திருக்கும் எச்.ஐ.வி. குளிசையை எடுப்பான், தண்ணீரோடு ஒரே விழுங்கு. இன்று செம்பில் தண்ணீர் இல்லை. குளிசை நாக்கிலேயே கரைந்தது.

கசக்க வேண்டியது.

குசினியிலிருந்து ஆட்டீரல் பொரியும் மணம் வந்தது. மிளகு, நல்லெண்ணெய், அதற்கடியில் பச்சை இரத்தத்தின் இரும்பு வாடை. வெளியே சோளகக் காற்று பனையோலைகளை ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தது.

அவன் கை தானாக வலது விலாவுக்குக் கீழே போனது. போன வருடம் கிளினிக்கில், இரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை, குளிசை போடும்வரை மனைவிக்குத் தொற்றாது, பிள்ளைக்கும் யோசிக்கலாம் என்றார்கள்.

"அப்ப அது எங்க போட்டுது, டொக்டர்?"

"போகேல்லை. ஒளிச்சிருக்கு. கனக்க இடத்தில. ஈரலிலையும்."

"ஈரல் கலத்துக்குள்ளையோ?"

"ஈரலுக்குக் காவலா இருக்கிற கலங்களுக்குள்ள போகும். ஈரல் கலத்துக்குள்ளையும் புகும் எண்டு சில ஆய்வு சொல்லுது. அங்க பெருகுமோ எண்டு இன்னும் உறுதியாத் தெரியாது. நீங்கள் குளிசையை மட்டும் விட்டிடாதேங்கோ. விட்டால் ரெண்டு மூண்டு கிழமையில இரத்தத்தில நிக்கும்."

அன்றிலிருந்து அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பான். உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பதுபோல இருக்கும்.

"சுவேதினி, இந்த விற்றமின்..."

குசினியில் மனைவியின் சிரிப்பு.

"கண்டுபிடிச்சிட்டியளோ? பங்குனியில உங்களுக்குச் செங்கமாரி வந்ததெல்லோ. கீழ்க்காய்நெல்லி குடிக்கேக்க இங்கிலிஸ் மருந்து ஈரலில படக்கூடாது எண்டு பெரியமடுப் பரியாரி சொன்னவர். நீங்கள் சொன்னாக் கேக்கிற ஆளே? எல்லாத்தையும் முருங்கைக்குக் கீழ தாட்டிட்டு, அவரிட்ட அதே மாதிரி வெள்ளைக் குளிசை வாங்கிப் போட்டு விட்டனான்."

"பங்குனியிலையோ?"

"ஓம். ரெண்டு மாசமாச்சு. கண் மஞ்சள் போயிட்டுதெல்லே? பிறகென்ன?"

இரண்டு மாதம். ஒன்பது கிழமை. ஒரே பாய். பிள்ளை வேண்டுமென்று அவள் வைத்த நேர்த்தி.

விலாவுக்குக் கீழே எதுவும் அசையவில்லை. எதுவுமே. ஆள் வெளியேறிய வீடுபோல.

நாலு நாளாக அவளுக்குக் காய்ச்சல். தொண்டை நோ. டெங்கு இல்லை என்றார்கள். வேறு எதையும் யாரும் சோதிக்கவில்லை.

சொல்ல வேண்டும். இப்போதே.

காலடி. செருப்பின் தேய்ப்பு. வாசலில் நின்றது.

"ஏன் இருட்டுக்குள்ள நிக்கிறியள், பேய் மாதிரி?"

சுவிச்சைத் தட்டினாள். வெளிச்சம்.

அவள் கையில் தட்டு. கழுத்திலிருந்து நெஞ்சுவரை சிவப்புப் பொட்டுகள். நேற்று இல்லை. காதுக்குக் கீழே நெறி கட்டியிருந்தது.

"ஈரல் தேற ஈரல்தான் நல்லதாம். உப்புப் பாருங்கோ."

அவள் ஊதி அவன் உதட்டில் வைத்த ஈரல் துண்டு ஆறியிருந்தது. அவள் விரல்கள் சுட்டன.

சொல்லவென்று அவன் வாயைத் திறந்தான்.

அவள் துண்டை உள்ளே வைத்தாள். அவன் மெல்லும்வரை, சிரித்தபடி, பார்த்துக்கொண்டு நின்றாள்.