உறைக்கு ஒரு கை

ஏழாவது தொட்டியும் உறையவில்லை. மூன்றாம் நாளில் பால்போல வெளுத்திருக்க வேண்டிய கரைசல் வெறும் தண்ணீராகக் கிடந்தது. பிரகாசி வெகுநேரம் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளியால் புற்றுக்கு மருந்து செய்யும் தூத்துக்குடி வெண்சேர்ம ஆலையில் உறையறைக்குத் தலைவி அவள். தம்பி ராயப்பனுக்குக் கணையத்தில் புற்று. மருத்துவர் சொன்ன கெடு இரண்டு மாதம். கிடங்கில் ஒரு குப்பி மருந்துகூட இல்லை.

வெள்ளியை வெறுமனே உடம்புக்குள் விட்டால் கண்ட இடத்தில் தங்கிவிடும். புற்றுச் செல் வரை அதைச் சுமந்துபோய் இறக்கிவிட ஒரு சுமப்பி வேண்டும். அந்தச் சுமப்பியைச் சுரப்பது மனித உள்ளங்கையில் வாழும் ஒரு நுண்ணுயிர். தொட்டியில் அது சில தலைமுறைகளிலேயே சோர்ந்துபோகும். அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் யாராவது கையை முக்கிப் புது உறை வைக்க வேண்டும், இட்லி மாவைக் கையால் கரைத்துப் புளிக்கவிடுவதுபோல.

முன்பு பணியாளர் எவரும் கை வைப்பார்கள். பத்தாம் ஆண்டு விழாவிலிருந்து, மருந்தால் பிழைத்தவருக்கு மாலை போட்டு அழைத்துவந்து கை வைக்கச் சொன்னார்கள். கைராசி என்றார்கள். அதே விழாவில் பணியாளர் எல்லாருக்கும் அந்த மருந்தே தடுப்பு ஊசியாகப் பரிசாகக் கிடைத்தது; பிறகு ஊரில் பெரியவர் எல்லாருக்கும் போட்டார்கள். ஏழாவது தொட்டியில் பிரகாசியே கை வைத்திருந்தாள்.

வெள்ளி ஏறிச் சாம்பல் பூத்த தன் நகங்களைப் பார்த்தாள். பிறகு நுண்ணுயிர் வளர்ப்புத் தட்டில் உள்ளங்கையை அழுத்தினாள். ஆலையில் இருந்த அத்தனை பேரையும் அழுத்தச் சொன்னாள். மறுநாள் எல்லாத் தட்டுகளும் துடைத்ததுபோல் இருந்தன. பிழைக்க வைத்த வெள்ளி, கையில் இருந்ததைக் கொன்றிருந்தது.

ஊசிக்குப் பயந்து ஓடிய ஒருவன் அவள் வீட்டிலேயே இருந்தான்.

“அன்னைக்கு ஊசி போடலன்னு என்னா ஏச்சு ஏசின. இப்ப எங் கையத் தேடி வந்திருக்க” என்றான் ராயப்பன்.

“வாய மூடிட்டுக் கையக் கழுவுல. சோப்பு போடாத.”

“ஒன்ன மாதிரி சாம்பலா நின்னா எவ என்னயக் கட்டுவான்னுதான் ஓடுனேன்.”

“இப்ப மட்டும் எவ வரிசையில நிக்கா?”

அவன் சிரித்துக்கொண்டே கையை முக்கினான். எட்டாவது தொட்டி மூன்றாம் நாள் வெளுத்தது.

முதல் குப்பி வந்ததும் மேலாளர் இம்மானுவேல் அவளைத் தனியே அழைத்தார். “முந்நூறு பேர் காத்திருக்காங்க பிரகாசி. உங்க தம்பிக்கு ஊசி போட்டா அவன் கையும் போச்சு. ஒரு மாசம் தள்ளிப் போடுங்க.”

“அவனுக்கு இருக்கதே ரெண்டு மாசம் சார்.”

“வேற கை?”

அவள் குப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தம்பிக்குத் தன் கையாலேயே ஊசி போட்டாள்.

மறுநாள் காலை பள்ளி மைதானத்துக்குப் போனாள். எட்டாவது தொட்டி மருந்தில் குழந்தைகளின் தடுப்பு முகாமுக்கென்று ஒதுக்கியிருந்த பெட்டி அங்கே வந்திருந்தது. அவள் கையெழுத்தில்லாமல் அதைத் திறக்க முடியாது. மைதானத்தை இரண்டு சுற்று சுற்றி நின்றது வரிசை.

“இன்னைக்குத் தடுப்பு கிடையாது” என்றாள். “இந்த மருந்து நோய் வந்தவங்களுக்குப் போகுது. இனிமே வாரதும் அப்படித்தான்.”

முன்னால் நின்ற பெண் இடுப்பில் இருந்த மகளை இறுக்கிக்கொண்டாள். “எம் புள்ளைக்கு வந்துட்டா?”

“வந்தா மருந்து இருக்கும். தடுப்பு போட்டும் நூத்துக்குப் பத்து பேருக்கு வருதும்மா. எல்லாருக்கும் போட்டுட்டா அந்தப் பத்து பேருக்கு மருந்து செய்ய ஊர்ல ஒரு கை மிஞ்சாது.”

“அதுக்கு எம் புள்ள கைய மிச்சம் வைக்கணுமாக்கும்?”

“ஆமா” என்றாள் பிரகாசி. கண்ணைத் தாழ்த்தவில்லை.

அவள் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினாள்.

அந்தப் பெண் குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.